வாமுண்டிலாவின் பதில்கள்

கேள்வி கேட்பவர் பதில் சொல்பவரைவிடக் கொஞ்சம் தாழ்வான இடத்தில்தான் உட்கார வேண்டும், அம்மா. எங்கள் தொழிலில் முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவர்கள் முக்காலியில் இருந்தால் நாம் பாயில். அவர்கள் பாயில் இருந்தால் நாம் மணலில். உயரத்தில் இருந்துகொண்டு கேட்டால் மனிதர்கள் நமக்குப் பிடித்த பதிலைத் தேடிச் சொல்லிவிடுவார்கள். உங்கள் நாற்காலி என் பெஞ்சைவிட உயரமாக இருக்கிறது. பரவாயில்லை. என் விஷயத்தில் அது ஒன்றும் செய்யாது. நீங்கள் கேட்காமலே சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் முயுண்டா. மொங்கு டவுனில் அறை எடுத்துத் தங்கி, இந்த ஆற்றுச் சமவெளி முழுக்க வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவன். என்ன சோப்பு போடுகிறீர்கள், எண்ணெய் பாக்கெட்டா பாட்டிலா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், போன வாரம் யாராவது பசியோடு படுத்தார்களா, மொத்தத்தில் வாழ்க்கை எப்படி. சோப்புக் கேள்விகள் ஒரு கம்பெனிக்காக. பசிக் கேள்விகள் வெளிநாட்டு உதவிக்காரர்களுக்காக. கேட்கிற வாய் ஒன்றுதான்.

எங்கள் கூட்டத்தில் காஸ்வெகா என்று ஒருவன் இருக்கிறான். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு மாமரம் இருக்கிறதே, அதன் அடியில் உட்கார்ந்தபடி ஒரு மதியத்தில் ஒரு ஊரையே முடித்துவிடுவான். அவன் பதிந்த வீடுகளில் எல்லாரும் ஒரே சோப்பைத்தான் போட்டார்கள், அவன் மனைவி வாங்குகிற சோப்பை. நான் அந்த ரகம் இல்லை. எனக்குப் பதில்களை இட்டுக்கட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்றைக்கு உங்கள் நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

எங்கள் ஆய்வு ஒரு தடவை கேட்டுவிட்டு மறந்துவிடுகிற ஆய்வு அல்ல. பருவத்துக்கு ஒரு சுற்று. அதே வீடு, அதே ஆள், அதே கேள்விகள். போன சுற்றில் சொன்னதும் இந்தச் சுற்றில் சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தலைநகர் லுசாகாவில், எங்கள் தலைமை அலுவலகத்தில் சிலேஷே அம்மா என்று ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்திருப்பார். பொருந்தாத வீடு அவர் திரையில் சிவப்பாக மாறும். உடனே போன் வரும். காஸ்வெகாவின் ஊர்கள் எப்போதும் தக்காளிக் கடை மாதிரி இருக்கும். என்னுடைய பகுதியில் சிவப்பே வந்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு என் பகுதியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

வாமுண்டிலாவின் வீடு நடுச் சமவெளியில் தனியாக ஒரு மண்திட்டில் இருந்தது. நாணல் சுவர், புல் கூரை. அவரும் மனைவி நாலிஷெபோவும். கொஞ்சம் மாடு, கொஞ்சம் மீன்பிடி. பிள்ளைகள் இல்லை. பேச்சுக்காரர். ஆமாம், இல்லை என்று ஒரு கேள்விக்கும் நேராகச் சொல்ல மாட்டார். மாடு இருக்கிறதா என்றால் மாட்டின் குணம் வரும். எண்ணெய் என்றால் எண்ணெய்க் கடைக்காரனின் குடும்ப வரலாறு வரும். அவரைப் போன்றவர்களிடம் எங்கள் ஆட்கள் சலித்துக்கொள்வார்கள். நான் பொறுமையாகக் கேட்பேன். கடைசியில் கட்டத்துக்குள் போகிற மாதிரி ஒரு துண்டு கிடைக்காமல் போகாது.

முதல் சுற்றில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று என் தவறு. பதில்களைப் பதிகிற டேப்லெட்டின் திரையில், வெயிலில் விரல் வியர்த்து வழுக்கியது. மோட்டார் சைக்கிள் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று அழுத்தியதும் அடுத்த கேள்விக்கும் இல்லை என்றே விழுந்துவிட்டது. அடுத்த கேள்வி, தோணி உண்டா. அவருக்குத் தோணி இருந்தது. பதிவு போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

இன்னொன்று அவர் தவறு. அன்றைக்கு நாலிஷெபோ ஏதோ சாவுக்கு அக்கரைக்குப் போயிருந்தார். மனைவி கூட இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவளா? என்னை விட்டுட்டு ஓடிட்டா தம்பி. இப்பத்தான் களி நிம்மதியா உள்ள எறங்குது" என்று சொல்லிவிட்டு வாமுண்டிலா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

டேப்லெட்டில் வேடிக்கைப் பேச்சுக்கென்று ஒரு கட்டம் இல்லை. 'பிரிந்துவிட்டார்' என்று இருந்தது. அவர் சொன்னதை அப்படியே போட்டேன்.

காஸ்வெகாவிடம் தோணி விஷயத்தைச் சொன்னேன். "கை தவறிடுச்சுன்னு லுசாகாவுக்கு ஒரு வரி தட்டிவிட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி பொண்டாட்டி செத்தவன் மாதிரி மூஞ்ச வெச்சிருக்கியே" என்றான். அவனுக்குப் புரியாது. கை தவறியது என்று எழுதினால், நான் அனுப்பிய பதிவு பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு தடவை பொய் சொன்னவனின் மற்றப் பதிவுகளை யார் நம்புவார்கள்? மாற்ற வேண்டியது பதிவு இல்லை என்று எனக்குத் தோன்றியது. பதிவு போய்ச் சேர்ந்துவிட்டது. தோணி இங்கேதானே இருக்கிறது.

இரண்டாவது சுற்றுக்குப் போனபோது அது கரையில் கட்டிக் கிடந்தது. ஒரே மரத்தில் குடைந்த நல்ல தோணி. நாலிஷெபோ களி கிண்டிக்கொண்டிருந்தார். வாமுண்டிலா வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தண்ணீர்ப் பக்கம் இறங்கினேன். கயிற்றை அவிழ்த்தேன். காலால் லேசாக ஒரு தள்ளு. தோணி அவசரமே இல்லாமல், வேலைக்குப் போகிற ஆள் மாதிரி, ஓட்டத்தோடு போனது. பிறகு கையையும் கழுவிக்கொண்டேன். சொன்ன சொல் பொய்யாகக் கூடாது.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர்கள் பார்த்தார்கள். நான் கம்பெனி படகில் அவரை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் தேடினேன். எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டார். மேல்பக்கம் பார்த்துவிடலாம் என்றேன். தோணி எப்படி எதிர்நீச்சல் போடும் என்று கேட்டார். பார்த்துவிட்டால் அந்தப் பக்கம் இல்லை என்று உறுதியாகிவிடும் அல்லவா என்றேன். அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்கும் பட்டது. திரும்பி வந்து பாயில் உட்கார்ந்ததும் டேப்லெட்டை எடுத்தேன்.

"வாமுண்டிலா அய்யா, வீட்டில் தோணி உண்டா?"

வெறுங்கரையைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல" என்றார். அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

இல்லை என்றே பதிந்தேன். போன சுற்றோடு பொருந்தியது. எனக்கு மனசில் இருந்த கல் இறங்கியது. அம்மா, யாருடைய பதிவிலும் நான் கை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மிச்சம் இருந்தது மனைவி விஷயம். பிரிந்துவிட்டார் என்று பதிவான பெண்மணி எதிரில் நின்று எனக்கு மீன் குழம்பு ஊற்றுகிறார். அந்தக் கேள்வியையும் அதற்குப் பிறகு வருகிற கேள்விகளையும் நிறுத்திவைத்தேன். தோணி இல்லாததால் நாலிஷெபோ சந்தைக்குப் போக வழியில்லை. கருவாட்டுக் கூடையோடு என் படகிலேயே மொங்குவுக்கு வந்தார். பாதி வழியில் அவராகத்தான் பேச்சை எடுத்தார்.

"அப்படி என்னதான் தம்பி அந்த மனுசன்கிட்ட அத்தன நேரம் கேக்குற?"

"எல்லாந்தான் அக்கா. உங்களப் பத்தியும் ஒரு கேள்வி இருக்கு."

"என்னன்னு சொன்னாரு?"

ஒருவர் சொன்ன பதிலை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை நான் மதிக்கிறவன். ஆனால் எங்கள் கணக்கில் ஒரு குடும்பம் என்பது ஒரே ஆள் மாதிரி. அதனால் டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினேன். நாலிஷெபோவுக்குப் படிக்கத் தெரியும். கூடையை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். தேதியையும் பார்த்தார்.

"இது நான் எங்கம்மா சாவுக்குப் போயிருந்த நாளு."

பதில் சொல்கிறவர் யோசிக்கும்போது நாம் குறுக்கே பேசக் கூடாது.

"சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும், எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கேட்டது நேரான கேள்வி. "ஆமாக்கா, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு" என்றேன்.

துறையில் இறங்கினார். கருவாட்டை விற்கவில்லை. கூடையைப் பக்கத்தில் விறகு விற்கிற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, லுசாகா பஸ் எப்போது என்று என்னிடம் விசாரித்தார். அங்கே அவர் தம்பி தச்சு வேலை செய்கிறான். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நானே கூட்டிக்கொண்டு போய் ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் திட்டுக்குத் திரும்பிப் போய், மனைவி கூட இருக்கிறாரா என்று வாமுண்டிலாவிடம் கேட்டேன். இந்தத் தடவை அவர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

சிலேஷே அம்மா போன் செய்து பாராட்டினார். தோணி இல்லை, மனைவி இல்லை, மீன் சாப்பிடுவது குறைந்திருக்கிறது, சோப்பு வாங்குவதை நிறுத்திவிட்டார், பசியோடு படுக்கிற நாட்கள் கூடியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்றார். பயிற்சி வகுப்பில் இந்த வீட்டை உதாரணமாகக் காட்டப்போவதாகவும் சொன்னார்.

மூன்றாவது சுற்றில்தான் சிக்கல் வந்தது.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே வாமுண்டிலா கரைக்கு இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். முழங்காலை மடித்து, கைதட்டி, பெரிய மனிதனை வரவேற்கிற மாதிரி வரவேற்றார். எனக்கென்று ஒரு மீனைப் புகை போட்டு எடுத்துவைத்திருந்தார். எல்லாக் கேள்விகளுக்கும் சுருக்கமாக, ஒழுங்காகப் பதில் சொன்னார். இல்லை, இல்லை, எப்போதாவது, இல்லை. கடைசிக் கேள்வி வாழ்க்கையைப் பற்றியது. துளியும் திருப்தி இல்லை என்பதிலிருந்து மிகவும் திருப்தி வரைக்கும் ஐந்து பதில்களையும் வாசித்துக் காட்டினேன்.

"மிகவும் திருப்தி" என்றார்.

சரியாகக் கேட்டுக்கொண்டாரா என்று மறுபடி வாசித்தேன்.

"காது நல்லாத்தான் கேக்குது. போட்டுக்கோ. இந்தத் தண்ணிக்காட்டுல என்னைத் தேடி வந்து, நீ எப்படி இருக்கன்னு கேக்குறதுக்கு ஒரு ஆளு இருக்கான். அது போதாதா?"

சொன்னதைப் பதிந்தேன். வேறு வழியில்லை. லுசாகாவில் திரை சிவந்தது. என் பகுதியில் முதல் சிவப்பு.

சிலேஷே அம்மா கோபப்படவில்லை, கவலைப்பட்டார். பசியும் தனிமையும் கூடினால் திருப்தி குறைய வேண்டும், அறிக்கையின் மையமே அதுதான், இந்த ஒரு வீடு வரைபடத்துக் கோட்டை மேலே இழுக்கிறது என்றார். "அந்த வீட்ட எடுக்க முடியுமான்னு பாருங்க முயுண்டா" என்று சொல்லி போனை வைத்தார். கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் அவர் பெயரை இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வீட்டை ஆய்விலிருந்து எடுக்க மூன்று காரணங்கள்தான் செல்லும். பதில் சொல்ல மறுத்துவிட்டார். நிரந்தரமாக இடம் மாறிவிட்டார். இறந்துவிட்டார். மூன்றில் எதை வேண்டுமானாலும் அழுத்திவிடலாம், யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. காஸ்வெகாவாக இருந்தால் மாமரத்தடியிலேயே அழுத்தியிருப்பான். நான் முறைப்படி முதல் காரணத்திலிருந்து தொடங்கினேன்.

"இனிமே பதில் சொல்ல இஷ்டமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க அய்யா. உங்களுக்கும் தொல்லை இல்ல" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தொல்லை? நீ வராமப் போனாத்தான் தொல்லை."

மொங்குவுக்கே குடிவந்துவிடுங்கள், அறை பார்த்துத் தருகிறேன் என்றேன். வெள்ளக் காலத்தில் மட்டும் எல்லாரையும் போல மேட்டுக்கரைக்குப் போவேன், தண்ணீர் வடிந்ததும் திட்டுக்கே திரும்பிவிடுவேன் என்றார். வெள்ளத்துக்காகப் போய்வருவது எங்கள் கணக்கில் இடமாற்றம் ஆகாது. அதையும் அவரிடம் விளக்கிச் சொன்னேன். அப்படியானால் நல்லது, நம் ஆய்வு நிற்காது என்று சந்தோஷப்பட்டார்.

பிறகு நானாக ஒரு யோசனை சொன்னேன். தோணி இல்லாமல் நீங்கள் சிரமப்பட வேண்டாம், தண்ணீர் ஏறும்போது நானே படகோடு வருகிறேன் என்றேன். பக்கத்துத் திட்டுக்காரர் லுபிண்டா தன் மாடுகளோடு இவருடைய மாடுகளையும் மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது, நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். தம்பி வருவான், அவனோடு வருகிறேன், என்னைக் காணோமென்றால் அவனுக்கு வேலை கெட்டுப்போகும் என்று இவர் சொல்லி அனுப்பிவிட்டார். லுபிண்டாவே இதை என்னிடம் சொன்னார். சொல்லும்போது அந்த மனிதருக்கு உன்மேல் எவ்வளவு பிரியம் பார் என்றார்.

இந்த வருஷத்துத் தண்ணீர் உங்களுக்கே தெரியும். நான் சொன்ன சொல் தவறாமல் போனேன். என்ன, கொஞ்சம் தாமதமாகப் போனேன். திங்கட்கிழமை, மதியத்துக்குப் பிறகு. திட்டு தண்ணீருக்கு அடியில் போயிருந்தது. நாணல் சுவர் பாதி வரைக்கும் தண்ணீர். வாமுண்டிலா கூரைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சட்டி. என்னைப் பார்த்ததும் கைதட்டி வரவேற்றார். கூரை ஆடியது.

"வந்துட்டியா. ஆளக் காணோமேன்னு நேத்துலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

முதலில் கேள்விகளை முடித்துவிடலாமா என்று கேட்டேன். மொங்குவுக்குப் போய் ஆற அமரக் கேட்கக் கூடாதா என்றார். மொங்குவில் வைத்துக் கேட்டால் பதில் மாறிவிடும், வீட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்றேன். அதுவும் சரிதான் என்று கால்களை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டார். அவர் கூரைமேல், நான் கீழே படகில். நான் எதுவும் செய்யாமலே அது முறைப்படி அமைந்துவிட்டது.

போன வாரம் என்ன சோப்பு போட்டீர்கள் என்று கேட்டேன்.

"இம்புட்டுத் தண்ணி இருக்கு. சோப்பு ஒண்ணுதான் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். பழைய சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. இல்லை என்று பதிந்தேன். கூரை என்ன பொருளால் ஆனது என்று ஒரு கேள்வி உண்டு. பொதுவாக அதைக் கேட்காமல் பார்த்தே பதிந்துகொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான். எதையும் விடவில்லை, எதையும் அவசரப்படுத்தவில்லை.

கடைசிக் கேள்விக்கு வந்தோம். ஐந்து பதில்களையும் நிதானமாக வாசித்தேன். அம்மா, நான் அவருக்கு வாய்ப்புக் கொடுத்தேன். அவர் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தால் கூடப் போதும், திரையில் சிவப்பு மறைந்திருக்கும். அவரை ஏற்றிக்கொண்டு வந்திருப்பேன். அந்த எண்ணத்தோடுதான் படகைக் கூரையை ஒட்டி நிறுத்தியிருந்தேன்.

"மிகவும் திருப்தி" என்றார். "நீ வந்துட்டேல்ல."

பதிந்தேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொன்னேன். அது கட்டாயம் சொல்ல வேண்டிய வாசகம். அவர் குனிந்து சட்டியை நீட்டினார். உள்ளே எனக்கென்று வைத்திருந்த புகை மீன். வாங்கிக் காலடியில் வைத்துவிட்டு மோட்டாரைப் பின்பக்கமாக இயக்கினேன்.

"படக திருப்புறியா?" என்று கேட்டார். இறங்குவதற்காக ஒரு காலைத் தொங்கவிட்டிருந்தார்.

நாணல் ஓரமாகப் போய் நின்றுகொண்டு மூன்றாவது காரணத்தை அழுத்தினேன். அழுத்தின நிமிஷத்தில் அது இன்னும் உண்மையாகியிருக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். அந்தச் சின்ன இடைவெளி எனக்கே உறுத்தலாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போய், வேறு யாராவது வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் என் பதிவு பொய்யாகிவிடும். அதனால் இருந்தேன்.

லுபிண்டாவின் தோணி அந்த வழியாக வந்தது. நாணலுக்கு அந்தப் பக்கம் வந்த அவருக்குக் கூரை தெரியாது. காற்றும் எதிர்த்திசை. வாமுண்டிலாவைக் கூட்டிக்கொண்டு வந்தாயிற்றா என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

"அங்க வேலை முடிஞ்சுதுண்ணே. நீங்க போங்க" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு கையசைத்துவிட்டுப் போனார்.

வாமுண்டிலா பயந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கைதட்டினார். மரியாதைக்குத் தட்டுகிறாரா, கூப்பிடுகிறாரா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே கைதட்டல்தானே. பிறகு கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக, தோணி போன திசையில் போனது. அதைத் தாங்கியிருந்த மூங்கில்கள் மட்டும் நின்றன. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து உறுதிப்படுத்திக்கொண்டேன். அதற்குள் பொழுது சாயவில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது. அதனால் என் பார்வையில் தவறு நேர்ந்திருக்க வாய்ப்பில்லை.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம்தான்.

உங்கள் ஆட்கள் அவரை வியாழக்கிழமை எடுத்தார்கள். வெள்ளத்தில் இறந்தவர் என்று எழுதிக்கொண்டார்கள். யாரும் என்னைத் தேடவில்லை, யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. லுபிண்டா கூட, அன்றைக்குக் காற்றில் தன் காதில்தான் தப்பாக விழுந்தது என்று நினைத்துக்கொண்டார். நாலிஷெபோ லுசாகாவிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடைசியாக அவரைப் பார்த்தது நீதானே, என்ன சொன்னார் என்று கேட்டார். மிகவும் திருப்தி என்று சொன்னார் என்றேன். அதைக் கேட்டு இன்னும் கூடுதலாக அழுதார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பதில்களுக்குப் பின்னால் இருப்பதை ஆராய்வது என் வேலை இல்லை.

நேற்றைக்கு சிலேஷே அம்மா போன் செய்தார். மாவட்ட அலுவலகத்து இறப்புப் பதிவையும் எங்கள் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எங்களிடம் திங்கட்கிழமை, உங்களிடம் வியாழக்கிழமை. மறுபடியும் சிவப்பு. வியாழன் என்று நான் திருத்தி அனுப்பினால் போதும் என்றார், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார். எனக்கு மனசு வரவில்லை. நான் அங்கேயே இருந்தவன். நடந்த நேரம் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

அந்தத் தேதியை மட்டும் திங்கட்கிழமை என்று மாற்றிக் கொடுத்துவிடுங்கள், அம்மா. நான் கிளம்ப வேண்டும். லுபிண்டாவின் வீடு ஆய்வில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. எனக்காகக் காத்திருப்பார்கள்.